ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள்

வெற்றிலைக் கறை படிந்த நகத்தைக் கண்டால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. அப்படி ஒரு நகத்துக்குப் பதினோரு வருடம் பதில் சொல்லியிருக்கிறேன்.

அது ஒரு ஜவுளி முதலாளியின் சுண்டுவிரல் நகம். சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்து நைட்டி தைக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. முதலாளி வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பார். நாங்கள் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. என் வீட்டு முன்னறையில் நாலு தையல் மெஷினும் ஒரு ஓவர்லாக் மெஷினும் கிடக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் வந்து தைப்பார்கள். திங்கட்கிழமை தோறும் என் வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோவில் பூ மார்க்கெட் சவாரி முடிந்ததும் கட்டை ஏற்றிக்கொண்டு போய் முதலாளி கடை வாசலில் இறக்கிவிடுவார். அதற்குப் பிறகு நான்தான் உள்ளே போய் நிற்க வேண்டும்.

நிற்பது என்றால் நிற்பதுதான். பெண்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. முதலாளி மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டிலிருந்து ஒன்றை உருவி, அந்த நகத்தைத் தையலுக்குள் விட்டு இழுப்பார். நூல் விட்டுக்கொடுத்தால் கூலியில் பிடித்தம். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அவருக்குக் கோபம் வரும். துணியை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்து, நேற்று வீட்டில் மீன் குழம்பா என்று நாலு பெண்கள் முன்னால் கேட்பார். விரலில் ஒட்டிய சுண்ணாம்பை நான் தைத்த நைட்டியின் உள்பக்கத்திலேயே துடைப்பார். என்னை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வயது நாற்பத்திரண்டு. மகள் காலேஜில் படிக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் அது ‘அடியே’ மாதிரி, ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. சிவகிரியில் இருக்கிற என் தாய்மாமா சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் அழைத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து வரும்போது ஒரு உருண்டை சோறு உருட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். முதலாளி வாயிலிருந்து வரும்போது எச்சில் தெறித்த மாதிரி இருக்கும்.

போன சித்திரையில் ஒரு நாள், இருநூறு நைட்டியில் ஒன்றில் கை திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. எங்கள் தப்புதான். முதலாளி அதைச் சுருட்டி எறிந்தார். என் காலில் வந்து விழுந்தது. “இதை நீயே மாட்டிக்கிட்டு ஆடு,” என்றார். குனிந்து எடுத்தேன். மடித்து அவர் மெத்தையில் வைத்தேன். இனிமேல் உங்களுக்குத் தைக்கமாட்டேன் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். “போயிட்டு வாட்டி. தீபாவளிக்கு முன்ன இதே எடத்துல வந்து நிப்ப. உனக்குன்னு ஒரு கட்டு எடுத்து வைக்கேன்.”

அந்த வருடம் முழுக்க எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த இடத்தில் போய் நிற்கக்கூடாது.

நானே துணி எடுத்து, நானே வெட்டி, வாட்ஸப்பில் படம் போட்டு விற்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு வெளியூர்ப் பெண்மணி ஒருவர் பன்னிரண்டு நைட்டிக்குப் பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பார்சலை அனுப்பிவிட்டு வங்கிக் கணக்கைப் பார்த்தால் பணம் வரவில்லை. படம் போலி. போன் செய்தால் எடுக்கவில்லை. பிறகு என் நம்பரையே முடக்கிவிட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பணம் உள்ளே வந்த பிறகுதான் ஆர்டரே பதிவாக வேண்டும். அதற்கு வெப்சைட் வேண்டும். வெப்சைட்டில் கார்டும் யுபிஐயும் வாங்கிக்கொள்கிற பேமெண்ட் கம்பெனி ஒன்றோடு கணக்கு வேண்டும்.

வெப்சைட் எளிது. மாத வாடகைக்குத் தயாராகக் கிடைக்கிறது. படமும் விலையும் போட்டால் போதும். பேமெண்ட் கணக்குதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பத்தே நிமிடத்தில் தொடங்கலாம் என்று அவர்கள் விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்தப் பெண்ணை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

பான் கார்டு கேட்டார்கள், கொடுத்தேன். ஜிஎஸ்டி எண் கேட்டார்கள். அதற்கு ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு ஆறு தடவை நடந்தேன். குறுக்கே கோடு போட்டு ரத்து செய்த காசோலை கேட்டார்கள். பிறகு என் வெப்சைட்டில் ஐந்து பக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விதிமுறைகள், அந்தரங்கக் கொள்கை, பணம் திரும்பத் தருதல், பொருள் அனுப்புதல், தொடர்பு. நைட்டி விற்கிற எனக்கு என்ன அந்தரங்கக் கொள்கை? வேறு யாருடைய வெப்சைட்டிலிருந்தோ எடுத்து ஒட்டினேன். அதில், தகராறு எதுவும் வந்தால் பெங்களூர் நீதிமன்றத்தில்தான் தீர்க்கப்படும் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் பெங்களூரைப் பார்த்ததே இல்லை. அந்த வரியோடுதான் ஒப்புதல் கிடைத்தது. யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் முகம். போன் கேமராவில் நான் உயிரோடு இருக்கிற ஆள்தானா என்று பார்த்தார்கள். வலப்பக்கம் திரும்பவும், இடப்பக்கம் திரும்பவும், கண்ணைச் சிமிட்டவும், புன்னகைக்கவும் என்று அது சொல்லச் சொல்லச் செய்தேன். வெளிச்சம் போதவில்லை என்றது. வாசலுக்கு வந்து மறுபடி சிமிட்டினேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் உட்கார்ந்தபடி, நான் பெண் பார்க்க வந்தபோதுகூட நீ இத்தனை தடவை சிமிட்டவில்லையே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி துணியைத்தான் மோந்து பார்த்தார். இவர்கள் என்னையே பார்த்தார்கள்.

கடைசியாகக் கடைப் படம் கேட்டார்கள். பெயர்ப்பலகை தெரிய வேண்டுமாம். எனக்கு ஏது கடை? வீட்டு முன்னறை. ஆனாலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வந்து, வாசல் கிரில்லில் கட்டி, படம் எடுத்து அனுப்பினேன். எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் அது. படம் எடுத்ததும் கழற்றியிருக்க வேண்டும். சோம்பலில் விட்டுவிட்டேன். அங்கேதான் என் முதல் தப்பு.

ஃப்ளெக்ஸைப் பார்த்தவர்கள் எல்லாரும் கடை திறப்பு எப்போது என்று கேட்டார்கள். கடை இல்லை, போனில்தான் விற்பனை என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, சரி, திறப்பு எப்போது என்று மறுபடியும் கேட்டார்கள். சேதி இரண்டு நாளில் சிவகிரிக்குப் போய்விட்டது. மாமா போன் போட்டு, தன்னிடம் சொல்லாமல் பலகை கட்டிவிட்டேனே என்று குறைபட்டுக்கொண்டார்.

என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் செலவு, சடங்கு, கல்யாணம் எல்லாம் மாமாதான். கரும்பு போட்டுச் சம்பாதித்ததில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்னறையில் கிடக்கிற மெஷின்களில் சுவர் ஓரமாக இருக்கிற பழையது அவர் சீராகக் கொடுத்தது. என் கல்யாண மொய் நோட்டில் முதல் வரி அவர் கையெழுத்து. எங்கள் சொந்தத்தில் தாய்மாமன் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் மொய் எழுதுவார்கள். அவர் எழுதாமல் பேனா நகராது.

மொய் என்றாலே எனக்கு எரிச்சல்தான், மறைப்பதற்கில்லை. அவன் ஐந்நூற்றொன்று வைத்தான், நாம் ஆயிரத்தொன்று வைக்கவேண்டும் என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கல்யாணத்துக்குப் போகிற பிழைப்பு. ஆனால் மாமா எழுதியதை அந்தக் கணக்கில் நான் ஒருநாளும் சேர்த்ததில்லை.

ஒப்புதல் வந்த அன்று, பணம் சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அதில் ஒரு லிங்க் உண்டாக்கிக்கொள்ளலாம். அதை யார் தொட்டாலும் எவ்வளவு என்று கேட்கும். தொகையை அவர்களே அடித்து அனுப்பலாம். நான் அந்த லிங்கை எடுத்து, புத்தி கெட்டுப்போய், எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். “நம்ம ஆன்லைன் கடைக்குப் பணம் வருதான்னு பார்க்கணும். யாராவது ஒரு ரூபாய் போட்டுப் பாருங்க” என்று எழுதினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வளர்பிறை. நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. நான் காலண்டரைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள்.

முதலில் மாமாவிடமிருந்து ஐயாயிரத்தொரு ரூபாய் வந்தது. பின்னாலேயே போனும் வந்தது.

“ஒத்த ரூவா செத்தவங்க நெத்தியில வைக்கது. கடை தெறக்கவ அதையா கேக்கது? மாமன் மொத மொய் போட்டாச்சு. இனி பாருட்டி.”

பார்த்தேன். ஐந்நூற்றொன்று. நூற்றொன்று. இருநூற்றொன்று. ஆயிரத்தொன்று. ஒவ்வொரு தடவையும் போன் மணியடித்தது. பட்டன் போன் வைத்திருக்கிற சிவகிரிச் சொந்தங்களிடம் மாமா டீக்கடையில் உட்கார்ந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டு, தன் போனிலிருந்தே தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். சேர்த்துப் போட்டால் யார் மொய் என்று தெரியாதே. குறிப்பு எழுதுகிற இடத்தில் ஊர், பெயர், வடக்குத் தெரு, கீழத் தெரு என்று மொய் நோட்டு மாதிரியே அடித்திருந்தார். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அப்பா இல்லாத பிள்ளைக்கு இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் ஐம்பத்தெட்டு பேர். அதில் பத்தொன்பது மாமாவின் ஒரே போனிலிருந்து.

சாயங்காலம் மெயில் வந்தது. என் கணக்கில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகள் காணப்படுவதால் கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது, பணமும் நிறுத்திவைக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகைக்கும் பில், ஆர்டர் விவரம், பொருள் சேர்ந்ததற்கான கூரியர் ரசீது ஆகியவற்றை அனுப்பவும். என் பாதுகாப்பே அவர்களுக்கு முக்கியம் என்று கடைசி வரியில் இருந்தது.

சந்தேகத்துக்குரிய என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொய் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி என்னை ஏமாற்றியவளை யாரும் சந்தேகிக்கவில்லை. கரும்பு வெட்டிய காசில் வடக்குத் தெருக்காரர் போட்ட நூற்றொரு ரூபாய் சந்தேகத்துக்குரியது. காறித் துப்பலாம் போல இருந்தது. துப்புவதற்கு அங்கே முகம் இல்லை. என் முகத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தவர்கள், தங்கள் முகத்தைக் காட்டவே இல்லை.

அவர்களோடு பேசுவது இன்னொரு கூத்து. கேள்வி கேட்டால் முதலில் இயந்திரம்தான் பதில் எழுதும். வருந்துகிறோம் என்று எழுதும். நைட்டி என்று எழுதினால் இனிய இரவு வணக்கம் என்று எழுதும். ஆறு நாள் மல்லுக்கட்டிய பிறகு ஒரு பெண் போனில் வந்தாள். தமிழ்ப் பெண். பாவம், என் ஆறு நாள் கோபமும் அவள் தலையில் விடிந்தது. நான் மொய்யை விளக்க ஆரம்பித்தபோது அவள் மெதுவாக நிறுத்தினாள்.

“மேடம், மொய்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் எழுதுவாங்க. ஆனா சிஸ்டத்துல அதுக்குக் கட்டம் இல்ல. விற்பனைன்னா பில் வேணும். நன்கொடைன்னா டிரஸ்ட் பதிவு வேணும். நீங்க எல்லாத்தையும் போட்டவங்களுக்கே திருப்பி அனுப்பிட்டா கணக்கைத் திறந்துருவாங்க.”

மொய்யையா திருப்பச் சொல்கிறாய் என்று கேட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை மேடம் என்றாள்.

எங்கள் பக்கத்தில் மொய்யைத் திருப்புவது என்றால் வாசலில் வந்தவரைச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போகச் சொல்வது. பங்காளிச் சண்டையில், வெட்டுக்குத்து வரை போனவர்கள்தான் அதைச் செய்வார்கள். அதோடு உறவு முடிந்தது. பிறகு ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொண்டாலும், திருப்பியது திருப்பியதுதான். வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஆளுக்கொரு நைட்டிக்குப் பில் போட்டு அனுப்பிவிடலாமா? நூற்றொரு ரூபாய்க்கு எந்த நைட்டி? தீபாவளிக்கென்று கடனுக்கு எடுத்த துணி வெட்டாமல் கிடந்தது. மாமாவின் எதிர்வீட்டுப் பெரியவருக்கு நைட்டி அனுப்பினால் அதுவும் ஒரு கலவரம். எல்லாவற்றுக்கும் மேலே அது பொய் பில். போலிப் படம் அனுப்பியவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். திருப்பினால் நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஈ காக்கா எட்டிப் பார்க்காது என்றார். திருப்பாவிட்டால் என்றேன். அவர் மேற்கே பார்த்தார். முதலாளி கடை அந்தத் திசையில்தான் இருக்கிறது.

ஐம்பத்தெட்டையும் திருப்பினேன். ஒவ்வொன்றாக, உறுதியா என்று அது கேட்கக் கேட்க ஆமாம் என்று அழுத்தினேன். மாமாவின் ஐயாயிரத்தொன்றைக் கடைசியாக அழுத்தினேன். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான். இயந்திரம் அனுப்பியதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு அற்ப ஆசை.

ஐந்து நாளில் பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கும் திறந்தது, கண்காணிப்பில் இருக்கிறது என்ற எச்சரிக்கையோடு. சாமி புண்ணியம் என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்குப் போன் மணியடித்தது. ஐயாயிரத்து ஐந்நூற்றொன்று. மாமாவிடமிருந்து. பின்னாலேயே நூற்றொன்று. இருநூற்றொன்று. நான் வாட்ஸப்பில் போட்ட லிங்கை அழிக்கவே இல்லை. அது உயிரோடுதான் இருந்தது.

மொய் திரும்பும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. பேங்கில் ஏதோ கோளாறு, பிள்ளைக்குப் பணம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். மாமா மறுபடியும் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை போகாததற்கு வருத்தப்பட்டுத் தன் பங்கில் ஐந்நூறைக் கூட்டி வேறு போட்டிருந்தார். நான் தட்டுத் தடுமாறி லிங்கை அழிப்பதற்குள் முப்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள்.

மதியத்துக்குள் கணக்கு மறுபடி மூடிவிட்டது. இந்த முறை மெயிலில் என் பாதுகாப்பு என்றெல்லாம் இல்லை. இவற்றையும் திருப்ப வேண்டும். இனி ஆர்டர் இல்லாமல் ஒரு பைசா வந்தாலும் நிரந்தரமாக மூடப்படும்.

அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் வெறுப்பு வந்தது. கம்பெனி மேல், முதலாளி மேல், டீக்கடை மேல், நூற்றொரு ரூபாய் மேல். திருப்பி அனுப்பினாலும் மறுபடி ஓடிவந்து போடுகிற பாசத்தின் மேல். பாசத்தை லிங்க் போட்டுக் கூப்பிட்ட என் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக.

லிங்க் செத்தாலும் மாமாவுக்கு வழியா இல்லை? வெப்சைட்டுக்குள் போய் ஏதாவது ஒன்றை அமுக்குவார். யாரையாவது பிடித்து அதே கணக்குக்கு அனுப்பச் சொல்வார். நேரில் போய்ச் சொன்னால்தான் நிற்கும். இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் திருப்பிவிட்டு, சிவகிரி பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன். கம்பெனி மூழ்கிவிட்டது மாமா, அவர்களே திருப்பிவிட்டார்கள் மாமா. இறங்கும்போது பொய் கச்சிதமாக இருந்தது.

மாமா வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் சுவிட்சைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அத்தை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். பணம் திரும்பி வந்திருக்குமே மாமா, இனிமேல் போட வேண்டாம் என்று தொடங்கினேன்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டார். “மெஷின் திருப்புச்சா, நீ திருப்புனியா?”

மெஷின் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்றாம் முறையும் போடுவார். அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

“நான்தான் மாமா.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியின் நகம், காலில் விழுந்த நைட்டி, மூடிய கணக்கு, தீபாவளி. மாமா கேட்டாரா என்பதுகூடத் தெரியவில்லை. சுவிட்சை மூடி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினார். கடைசி ஸ்க்ரூ முடிந்ததும்தான் நிமிர்ந்தார்.

“உன் கல்யாணத்துல மொத மொய் நான் எழுதுனது. அதையும் வேணும்னா அனுப்பி விட்டிரு.”

அத்தை என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதில் பாதிக் காப்பி இருந்தது.

மற்றவர்களிடம் நான் சொல்லவே தேவைப்படவில்லை. மாமாவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பைசா வரவில்லை. குரூப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கணக்கு ஒன்பதாம் நாள் திறந்தது. கம்பெனி வாழ்த்து அனுப்பியது.

ஆர்டர் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் பார்த்தே இராத ஊர்களிலிருந்து, யார் என்றே தெரியாத பெண்கள் பணத்தை முன்னால் கட்டி நைட்டி வாங்கினார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு முதலாளி ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். கட்டு எடுத்து வைத்திருக்கிறேன், வரச்சொல். போகவில்லை. அன்று மெஷின் சத்தத்தில் வந்த பெண் சொன்னதே சரியாகக் கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் நிற்கவில்லை. நினைத்தது நடந்தது. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தீபாவளிக்குச் சிவகிரியிலிருந்து வருகிற முறுக்கு டப்பா வரவில்லை.

கார்த்திகையில் ஒரு ஆர்டர் வந்தது. மெரூன் கலர், டபுள் எக்ஸெல், ஒன்று. முன்னூற்று நாற்பத்தொன்பது ரூபாய். கூரியர் அறுபது. முகவரியைப் பார்த்தேன். சிவகிரி. மாமாவின் பெயர். குறிப்பு எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

அத்தைக்கு அந்த அளவு சரியாக வரும் என்று எனக்குத் தெரியும். அவள் அளவு என் கைக்குத் தெரியும். நானே உட்கார்ந்து, சுவர் ஓரத்து மெஷினில், ஒவ்வொரு தையலையும் இரண்டு ஓட்டு ஓட்டினேன். பஸ்ஸில் ஏறினால் மாமா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கம்பெனிக்குக் கூரியர் ரசீது வேண்டும். எனவே அது மதுரைக்குப் போய், அங்கே ஒரு நாள் கிடந்து, திரும்பி சிவகிரிக்கு வந்தது. மாமா கொடுத்த பணத்தில் கம்பெனி எட்டு ரூபாய் சொச்சம் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை என் கணக்கில் போட்டது. இந்தப் பணத்தில் எந்தச் சந்தேகமும் அதற்கு இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் மாமாவிடமிருந்து போன் வந்தது. ஓவர்லாக் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

“உங்க நைட்டி வந்துட்டு. தையல் நல்லா இருக்கு,” என்றார்.

“மாமா, நான்தான் மாமா பேசுதேன்.”

“தெரியும். சாமான் வந்துட்டுன்னு கடைக்காரங்ககிட்ட சொல்லணும்லா, அதான் சொல்லுதேன். வச்சிருதேன்.”

குரலில் கோபமே இல்லை. உரக்கடைக்காரரிடம் பேசுகிற அதே மரியாதை. மறுபடி கூப்பிடுவார், வாய் நிறைய ‘ஏட்டி’ என்பார் என்று அன்று பொழுது சாயும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மூன்று தடவை மணியடித்தது. மூன்றும் ஆர்டர்.